திறப்பு விழாவுக்குச் சேற்றுக் காலோடு வந்தவள்

பள்ளிக்கூடத்து ஓவியக் கூடத்துக்குத் தன் பெயரை வைக்கப்போகும் அன்று காலையில் வெர்னா ஆற்றுச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்று, ஒரு நீளக் கம்பால் தண்ணீருக்குள் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பு நுனியில் ஏதாவது மெத்தென்று பட்டால் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். குனிந்து கையை விட்டுத் துழாவுவாள். ஊறிப்போன கட்டை வரும், பழைய டயர் வரும். ஒரு தடவை செத்த ஆடு வந்தது. ஆடுதான் என்று தெரிந்த பிறகும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, மேல வா," என்றான் எல்வின். அவன் அவளுடைய சித்தி மகன். நகராட்சிக் குப்பை லாரி ஓட்டுகிறவன். வேலைக்குப் போகாமல் அவளோடு கரை கரையாக அலைந்துகொண்டிருந்தான். "கால் நீலம் பாரிச்சுப் போச்சு. நீயும் விழுந்து தொலைச்சீன்னா ரெண்டு பேரைத் தேட என்கிட்ட டீசல் இல்ல."

மற்ற நாளாயிருந்தால் வெர்னா சிரித்திருப்பாள். இப்போது அவன் சொன்னது காதில் விழுந்த மாதிரியே இல்லை. கம்பை இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தினாள்.

அவர்கள் தேடியது ஷார்னியை. வெர்னாவின் தங்கை பெற்ற பெண். தங்கை இறந்தபோது குழந்தைக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. அன்றிலிருந்து வெர்னாதான் அம்மா. ஆஸ்திரேலியப் பழங்குடியினரான அந்த ஜனங்களிடம் அம்மாவின் அக்காளும் அம்மாதான். வேறு சொல் கிடையாது. பதினைந்து வயதில் ஷார்னி வெர்னாவை விட அரைத் தலை உயரமாகிவிட்டாள், வாயும் அதே அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அந்த ஆற்றோர ஊரான டில்கராவில் வெர்னா ஹார்வுட்டைத் தெரியாதவர்கள் இல்லை. காலையில் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. மதியத்துக்கு மேல் ஆற்றோரத் தகர வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து ஈமு முட்டையில் செதுக்குவாள். ஈமு முட்டையின் ஓடு கரும்பச்சை. லேசாகச் சுரண்டினால் நீலம் கலந்த பச்சை வரும், இன்னும் சுரண்டினால் சாம்பல், அதற்கும் கீழே வெள்ளை. கை ஒரு இழை அழுத்தினாலும் ஓடு போய்விடும். அந்த மெல்லிய ஓட்டில் அவள் நாரை இறங்குவதையும், பெண்கள் வலை இழுப்பதையும், வெயிலில் காயும் துணிகளையும் கொண்டுவந்துவிடுவாள். அவள் செதுக்கிய முட்டைகள் தலைநகரத்துக் காட்சியகங்களில் இருக்கின்றன. அவள் அதைப் பற்றிப் பேசமாட்டாள்; எல்வின்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

வியாழக்கிழமைகளில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வயதில் அவளைக் கடைசி பெஞ்சுக்கும் பின்னால் தரையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதனால்தான், பழைய நூலகத்தைப் பிள்ளைகளின் படங்கள் மாட்டும் கூடமாக மாற்றி அதற்கு உங்கள் பெயரை வைக்கிறோம் என்று தலைமையாசிரியர் ஹால்டன் வந்து சொன்னபோது, வெர்னா வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள் பூரித்துப்போனாள். புதிதாக ஒரு நீலச் சட்டை வாங்கி மடித்து வைத்தாள்.

ஷார்னியின் படம் ஒன்றும் அந்தக் கூடத்தில் மாட்டப்பட்டிருந்தது. ஆற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து வெள்ளை வயிறு தெரிய மிதந்த கோடையை அவள் லினோலியத் தரைவிரிப்புத் துண்டில் செதுக்கி, கறுப்பு மை தடவி அச்செடுத்திருந்தாள். ஓவிய ஆசிரியை மிஸ் பெத் அதை வாசலுக்கு நேரே மாட்டினாள்.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்னால் ஓவிய வகுப்பில் ஒரு பையன் ஷார்னியின் அம்மாவைப் பற்றிப் பேசினான். குடித்துத்தானே செத்தாள் என்றான். செத்தவர்களின் பெயரைக்கூட மரியாதைக்காக வாயில் எடுக்காத வீட்டுப் பெண் அவள். கையிலிருந்த சிவப்புப் பெயிண்ட் டப்பாவை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள். பையனுக்குச் சட்டை மாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஷார்னிக்கு இடைநீக்கம். பள்ளி வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது, விழாவுக்கும் வரக் கூடாது. இடைநீக்கத்தில் இருப்பவர்களின் படைப்பு காட்சியில் இருக்கக் கூடாது என்று மீன் படத்தையும் கழற்றிவிட்டார்கள்.

வெர்னா ஹால்டனிடம் போய்க் கேட்டாள். "என் பேருல கூடம் திறக்கிறீங்க. என் பொண்ணு வெளிய நிக்கணுமா?"

"ஆன்ட்டி வெர்னா, எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு," என்றார் ஹால்டன். "ஒருத்தருக்குன்னு விதியைத் தளர்த்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. மேலதிகாரிகள் வேற வர்றாங்க அன்னிக்கு."

வெர்னா வீட்டுக்கு வந்தாள். ஷார்னி அடுப்படியில் நின்று கத்தினாள், கதவை உதைத்தாள், விழாவன்று வேலியேறிக் குதித்து எல்லார் முன்னாலும் கேட்கிறேன் பார் என்றாள். வெர்னாவுக்குத் தலை வலித்தது. "இந்த ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இரேன்டி. என் பேரு வைக்கிற நேரத்துலயா உனக்கு இதெல்லாம்?" என்று சொல்லிவிட்டாள்.

ஷார்னி சத்தத்தை நிறுத்தினாள். "உனக்கு உன் பேரு போதும். நான் எதுக்கு," என்றாள். சிவப்பு ஜெர்கினை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அன்று அவள் வரவில்லை. மாமன் மகள்கள் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் வெர்னா ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். ஒரு வீட்டிலும் இல்லை. போனும் அணைந்து கிடந்தது.

காவல் நிலையத்தில் இருந்த இளம் அதிகாரி இறைச்சி அடைத்த பணியாரம் தின்றுகொண்டிருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சண்டை போட்டீங்களாம்மா?"

"ஆமா."

"கோவத்துல போயிருக்கா. பசிச்சா வந்துடுவா."

"அவ போனது ஆத்துப் பக்கம். நைட்டு எல்லாம் உறைபனி. தேட ஆள் அனுப்புங்க."

"பெட்ரோல் பங்க்ல ஒருத்தர் சொல்றார், ஒரு பொண்ணு லாரியில ஏறிச்சாம், சிட்டி பக்கம் போற லாரி. அங்க உள்ள ஸ்டேஷன்களுக்குத் தகவல் கொடுத்திருக்கேன். ஆத்துல போய் எதைத் தேடச் சொல்றீங்க?"

"எந்தப் பொண்ணு? எப்படி இருந்தா? என்ன போட்டிருந்தா?"

"உங்க பொண்ணு மாதிரிதான்னு சொன்னார்."

"எங்க பொண்ணுங்க எல்லாருமே உங்க கண்ணுக்கு ஒரே மாதிரிதான்," என்றாள் வெர்னா.

அவர் முகம் இறுகிப்போனது. "குரலை உசத்தாதீங்க," என்றார்.

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதே வாசலில் அவள் அம்மா நின்றிருக்கிறாள். வெர்னாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அவளுடைய அண்ணன் தூண்டிலோடு போனவன் திரும்பவில்லை. அவன் வடக்கே ஆடு மயிர் வெட்டும் வேலைக்குப் போயிருப்பான், கூலி வாங்கியதும் வருவான் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒருவரும் தேடவில்லை. பஞ்சத்தில் ஆறு வற்றியபோது, சேற்றில் மூழ்கிக்கிடந்த மரத்தின் வேர்களுக்குள்ளிருந்து அவன் தானாக வெளியே தெரிந்தான். அவன் பெயரை இன்றுவரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அதனால் வெர்னாவும் எல்வினும் அவனுடைய இரண்டு பையன்களும் மட்டும் தேடினார்கள். ஆறு அந்த ஊரைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. ஒரு வளைவைப் பார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூப்பிட்டுக் கூப்பிட்டு வெர்னாவின் குரல் போய்விட்டது. லாரி வதந்தி ஊர் முழுக்கப் பரவியதால் மற்றவர்கள், பாவம், சிட்டிக்குப் போய்விட்டாள், போன் வரும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். வெர்னாவே ஒரு கட்டத்தில் அந்த லாரியை நம்ப ஆசைப்பட்டாள். லாரியில் போனால் உயிரோடாவது இருப்பாளே. ஆனால் ஷார்னிக்குக் கோபம் வந்தால் அவள் போகும் இடம் ஒன்றுதான்: ஆறு ஓடும் திசையில் மேற்கே, அடுத்த ஊர் இடுகாட்டில் இருக்கும் அம்மாவிடம். அங்கேயும் எல்வின் போய்ப் பார்த்துவிட்டான். காலடியே இல்லை. போகிற வழியில்தான் எங்கோ கிடக்கிறாள்.

விழா நாள் காலை, ஆடு தட்டுப்பட்ட பிறகு, எல்வினின் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து ஹீட்டரில் கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பாலத்தின் மேல் கார்கள் வரிசையாகப் போவதை வெர்னா பார்த்தாள். பண்ணைக்காரர்கள், நகராட்சி ஆட்கள், வெளியூர் அதிகாரிகள். எல்லாம் பள்ளிக்கூடம் பக்கம் திரும்பின.

"உனக்குத்தான் இவ்வளவு கூட்டம்," என்றான் எல்வின் கசப்பாக. "சாசேஜ் வேற சுடறாங்களாம்."

வெர்னா அந்தக் கார்களையே பார்த்தாள். கடைசிக் கார் திரும்பும்வரை பார்த்தாள்.

"வண்டியை எடு," என்றாள்.

"வீட்டுக்கா?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"இந்தக் கோலத்துலயா?"

"எடுடா."

புல்வெளியில் நாற்காலி போட்டிருந்தார்கள். பழங்குடி வழக்கப்படி வரவேற்புக்காகத் தைல மர இலைகளை மூட்டியதில் எழுந்த புகை வந்தவர்களின் மேல் படர்ந்துகொண்டிருந்தது. இரண்டு மூத்த பெண்கள் புகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாலும் அவர்கள் முகத்தில் விழாவின் களை இல்லை. கூடத்தின் வாசலுக்கு மேல் கறுப்புத் துணி மூடிய பலகை. வெர்னா தொடை வரை சேறும், ஜீன்ஸெல்லாம் நெருஞ்சி முள்ளுமாக உள்ளே நடந்து வந்தாள்.

ஹால்டன் விரைந்து வந்தார். "ஆன்ட்டி வெர்னா! வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன். ஷார்னி விஷயம் கேள்விப்பட்டேன், சிட்டியில சீக்கிரம் கண்டுபிடிச்சிடுவாங்க. உள்ள போய் முகம் கழுவிக்கிறீங்களா? நீங்க நாலு வார்த்தை பேசணும். அதுக்கு அப்புறம் துணியை விலக்கிடலாம்."

"இப்பவே பேசறேன்," என்றாள்.

அவர் கையில் மைக் இருந்தது. அவர் தருவதற்கு முன்பே அது அவள் கைக்குப் போய்விட்டது. வெர்னா மேடைகளில் பேசிப் பழகியவள் இல்லை. தன் குரல் ஒலிபெருக்கியில் கரகரவென்று வந்ததும் ஒரு கணம் திடுக்கிட்டாள்.

"நான் நன்றி சொல்ல வரல," என்றாள். "என் பொண்ணு காணாம போய் மூணு ராத்திரி ஆச்சு. லாரியில போயிட்டாங்கறாங்க. போகல. அவ ஆத்துப் பக்கம்தான் இருக்கா. இங்க எவ்வளவு பேர் இருக்கீங்க பாருங்க. எல்லாருக்கும் கார் இருக்கு, கண்ணு இருக்கு. நாங்க நாலே பேர் தேடிட்டு இருக்கோம். எங்கண்ணன் காணாம போனப்பவும் இந்த ஊர் தேடல. நான் செதுக்குன முட்டை உங்க வீட்டு அலமாரியில இருக்கு, கண்ணாடிக்குள்ள வச்சிருக்கீங்க. அதைப் பத்திரமா வச்சிருக்கிறவங்க என் பொண்ணைத் தேட வர மாட்டீங்களா? எனக்குப் பேரும் வேண்டாம் பலகையும் வேண்டாம். எழுந்திரிங்க. தயவுசெஞ்சு எழுந்திரிங்க."

கையைத் தாழ்த்தினாள். மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

ஒருவரும் எழவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். முன்வரிசையில் ஒரு அதிகாரி கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைக் குனிந்து பார்த்தார். ஹால்டன் மெதுவாக, "ஆன்ட்டி, முதல்ல இதை முடிச்சிட்டு, கண்டிப்பா நாம…" என்று ஆரம்பித்தார்.

பின்னால் ஒரு நாற்காலி சரிந்து விழுந்தது. டிரஸ்க் எழுந்து நின்றிருந்தார். ஆற்றுக்கு மேற்கே பெரிய ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர். ஆற்றோரப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள் வேலி தாண்டினால் துப்பாக்கியைக் காட்டுவார் என்று பேர். ஷார்னிக்கும் அவருக்கும் அந்தப் பண்ணையின் ஆரஞ்சுத் தோட்டத்தை வைத்து ஜென்மப் பகை.

"அந்த வாயாடிப் பொண்ணுதானே?" என்றார். "செருப்பாலயே என் நாயை அடிச்சவ." தொப்பியை எடுத்து மாட்டினார். "ஊர் ரன்வேல என் சின்ன விமானம் நிக்குது. பத்து நிமிஷத்துல மேல ஏறிடுவேன். கீழ ரேடியோ உள்ளவங்க எல்லாம் ஒரே சேனல்ல வாங்க." அதிகாரிகளைப் பார்த்து, "நீங்க என்னய்யா, சாசேஜ் வேகட்டும்னு உக்காந்திருக்கீங்களா?" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மிஸ் பெத் அழுதுகொண்டே பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கும்பல் கும்பலாகப் பிரித்தாள். சிற்றுண்டிக் கடைப் பெண்கள் சாசேஜையும் ரொட்டியையும் பைகளில் அள்ளிப் போட்டு வண்டிகளில் ஏற்றினார்கள். இலைப் புகையைக் கவனித்துக்கொண்டிருந்த மூத்த பெண்களில் ஒருத்தி ஹால்டனின் காருக்குள் அவரைக் கேட்காமலே ஏறி உட்கார்ந்து, "ஓட்டுப்பா," என்றாள். ஹால்டன் கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு ஓட்டினார். கூடத்து வாசலில் பலகை துணி மூடியபடியே கிடந்தது.

வெர்னா எல்வினின் வண்டியில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவாக ஆட்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லை. ஒரு செருப்பு கிடைத்தது என்றார்கள். அது ஆண் செருப்பு. விமானம் தலைக்கு மேல் தாழப் பறந்து போனது.

மதியம் திரும்பிய நேரத்தில் டிரஸ்கின் குரல் வந்தது. "மேக்கால வளைவைத் தாண்டி, பழைய பாசனக் கால்வாய்க்குப் பக்கத்துல, களிமண் தரையில பருந்து சுத்துது. நிறைய சுத்துது."

அங்கே பருந்து சுற்றினால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

எல்வின் வண்டியை நிறுத்திவிட்டான். வெர்னாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகை மாதிரி இல்லை. கதவைத் திறந்து இறங்கி, மேற்கே பார்த்து ஓட ஆரம்பித்தாள். அந்த இடம் எத்தனையோ தூரத்தில் இருந்தது. கொடிபோல் பின்னிக் கிடந்த லிக்னம் புதர்கள் முகத்தில் அறைந்தன. விழுந்து எழுந்து ஓடினாள். எல்வின் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து, அவளை இடுப்பைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டான்.

அப்போது ரேடியோ கரகரத்தது. "கை," என்றார் டிரஸ்க். அவர் குரல் உடைந்திருந்தது. "கை அசையுது. வெர்னா, கேக்குதா? உன் பொண்ணு கையை ஆட்டறா."

ஷார்னி குறுக்கு வழியில் போகும்போது பாசனக் கால்வாயின் சிமெண்ட் குழிக்குள் விழுந்திருக்கிறாள். கணுக்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. போன் தண்ணீரில் போய்விட்டது. குழியில் தேங்கியிருந்த பாசித் தண்ணீரைக் குடித்து, உருண்டும் தவழ்ந்தும் மேலேறி, திறந்த வெளிக்கு வந்து கிடந்தாள். சிவப்பு ஜெர்கின் சேறு பூசிக் களிமண் நிறமாகியிருந்ததால் பக்கத்தில் போகும்வரை கண்ணுக்குத் தெரியவில்லை. வெர்னா அவள் தலையை மடியில் எடுத்து வைத்தபோது ஷார்னிக்குக் காய்ச்சல் கொதித்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"கூப்பிட்டியே, கேட்டுச்சு," என்றாள். "நேத்து. நான் பதில் சொன்னேன். உனக்குக் கேக்கல."

வெர்னா அவள் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு டாக்டர்கள் வந்து பிரிக்கும்வரை எடுக்கவில்லை.

விமானத்தில் அடிலெய்டுக்குக் கொண்டுபோனார்கள். சீழ் மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார்கள். கையெழுத்து போட்டுவிட்டு வெர்னா கேட்டாள்: "ஒரு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா?"

டாக்டர் இளம்பெண். பொய் சொல்லத் தெரியவில்லை. "காப்பாத்தியிருக்கலாம்," என்றாள்.

அந்த வார்த்தை வெர்னாவுக்குள் எங்கும் இறங்காமல் நின்றுவிட்டது. ஹால்டன் அத்தனை தூரம் கார் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, இடைநீக்கத்தை ரத்து செய்துவிட்டோம், படத்தையும் திரும்ப மாட்டிவிட்டோம் என்றார்.

"ரத்து பண்ணிட்டா கால் வருமா?" என்றாள் வெர்னா.

அவர் தலை குனிந்து நின்றார். "வராது," என்றார். "நான் அன்னிக்கு 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ வீட்டுலயே இருந்திருப்பா. அது எனக்குத் தெரியும், ஆன்ட்டி."

"எனக்கும் ஒரு வார்த்தை இருக்கு," என்றாள் அவள். "நானும் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை." உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினாள். அவரை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பலகையைப் பற்றிக் கேட்டதற்கு, இப்போது வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். காவல் நிலையத்தின் மேல் புகார் எழுதிக் கொடுத்தாள். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது, அதோடு சரி.

காய்ச்சல் இறங்கிய பிறகு ஒரு நாள் மத்தியானம் ஷார்னி கேட்டாள். "யாரெல்லாம் வந்தாங்க என்னைத் தேட?"

வெர்னா சொன்னாள். எல்வின் மாமா, அவன் பிள்ளைகள், மிஸ் பெத், உன் வகுப்புப் பெண்கள், சிற்றுண்டிக் கடை ஆட்கள், உன்னைக் கண்டாலே ஆகாத அந்த மருந்துக் கடைக்காரி, டிரஸ்க்.

"போம்மா. அந்தக் கிழவனா?"

"அவர்தான்டி உன்னைப் பாத்தது."

"என் தலையெழுத்து," என்றாள் ஷார்னி. சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு பாதியிலேயே திரும்பி அழுகையாகிவிட்டது. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, வாய்விட்டு அழுதாள். வெர்னா அவளைத் தடுக்கவில்லை. கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

வசந்தத்தில் ஊருக்குத் திரும்பினார்கள். ஷார்னி அந்தப் பள்ளிக்குப் போகவில்லை. கூடம் திறந்திருக்கிறது, பிள்ளைகள் வந்து போகிறார்கள் என்று எல்வின் சொல்வதோடு சரி. இப்போதெல்லாம் ஷார்னி எங்கே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். "கடைக்கு," என்பாள். "சரி," என்பாள் வெர்னா. ஷார்னி தெருமுனை திரும்பியதும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஊன்றுகோல் சத்தம் திரும்பக் கேட்கும்வரை வேலிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.